பழைய சொகுசு கார்: எது வெறும் கீறல், எது பெரிய செலவு

பழைய சொகுசு கார் வாங்கப் போகிறவர்களோடு துணைக்குப் போய்ப் பார்த்துச் சொல்வது எனக்குப் பல வருடப் பழக்கம். போகிற இடத்தில் எல்லாம் ஒன்றேதான் நடக்கிறது. கதவில் உள்ள நீளமான கீறலைப் பார்த்து வாங்குபவர் முகம் வாடுவார். பாலிஷ் போட்டால் போய்விடுகிற கீறலாக அது இருக்கும். அதே காரின் ஹெட்லைட்டுக்குள் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தப் பக்கம் அவர் பார்வையே போயிருக்காது. கீறலைக் காட்டி விலையைக் குறைத்த சந்தோஷத்தில் காரை எடுத்துவிட்டு, அடுத்த மாதம் ஹெட்லைட் விலையைக் கேட்டு இடிந்துபோனவர்களை நான் அறிவேன்.

இந்த வகைக் கார்களில் சின்ன உறுப்பு போனாலும் பெரும்பாலும் முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒரு குறை கண்ணுக்கு எவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது என்பதை வைத்துச் செலவைக் கணிக்க முடியாது. காரின் வயதுக்கும் ஓட்டத்துக்கும் பொருந்துகிற தேய்மானமா என்று பாருங்கள். 80,000 கிலோமீட்டர் ஓடிய காரில் ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் சுருங்கியிருப்பது நியாயம். அதே சீட் புத்தம் புதிதாக இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

பார்க்கப் போகும் முன் சில ஏற்பாடுகள். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்துக் காய்ந்த காரைத்தான் பார்க்க வேண்டும். ஈரமான பெயிண்டில் கீறலும் தெரியாது, நிற வித்தியாசமும் தெரியாது. மழை நாளில் கூப்பிட்டால் வேறு நாள் கேளுங்கள். கையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைப் பருத்தித் துணி, பெயிண்டின் கனத்தை அளக்கும் ஒரு பெயிண்ட் மீட்டர் இருக்கட்டும். மீட்டர் இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெயிண்டுக்கு அடியில் பட்டி (நசுங்கிய பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறதா என்று காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய முறை இங்கே பல இடங்களில் உதவாது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. 1994-இல் வந்த முதல் ஆடி ஏ8, 2003-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே, 2012-இல் வந்த ரேஞ்ச் ரோவர் எல்லாம் அலுமினிய உடல் கொண்டவை. இரும்பு உடல் கொண்ட கார்களிலும் பானட் மட்டும் அலுமினியமாக இருப்பது சகஜம்.

பெயிண்டில் கீறல் தெரிகிறது

*வெயிலில் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகத் தெரிந்தால்:* அழுக்குத் துணியாலோ பிரஷ் போட்ட கார் கழுவும் மெஷினாலோ வந்தது. எல்லாமே நிறத்துக்கு மேலே உள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில்தான். பாலிஷில் போகும். ஆனால் பாலிஷ் போட அங்கே இன்னும் கனம் மிச்சம் இருக்கிறதா என்று முதலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 90 முதல் 160 மைக்ரானுக்குள் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு பாகத்தில் 80-க்குக் கீழே காட்டினால் ஏற்கெனவே பலமுறை தேய்த்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். கண்ணாடிபோல் மின்னுகிற பழைய கருப்புக் கார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். இன்று அழகாக இருக்கும். இன்னொரு பாலிஷைத் தாங்காது.

*ஒற்றைக் கோடாக இருந்தால்:* நகத்தைக் குறுக்கே மெல்ல ஓட்டுங்கள். நகம் மாட்டவில்லை என்றால் பாலிஷ் போதும். மாட்டினால், உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காரின் நிறமே தெரிந்தால் டச்-அப் செய்து சமாளிக்கலாம். வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் நிறத்துக்கு அடியில் உள்ள பிரைமர் பூச்சு வரை போயிருக்கிறது. அந்தப் பாகம் முழுவதையும் பெயிண்ட் செய்யும் செலவைக் கணக்கில் வையுங்கள். உலோகம் தெரிந்து ஓரம் பழுப்பாக இருந்தால் துரு தொடங்கிவிட்டது.

*மேட் பெயிண்ட் என்றால்:* மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பளபளப்பு இல்லாத பெயிண்டைப் பாலிஷ் செய்யவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் மின்னத் தொடங்கிவிடும். சின்னக் கீறலுக்கும் பாகம் முழுவதையும் திரும்ப அடிக்க வேண்டும். மேட் காரில் ஒவ்வொரு கீறலையும் எண்ணுங்கள். உள்ளங்கை அளவுக்குப் பளபளக்கும் திட்டு எங்காவது இருந்தால் அதையும் கீறலாகவே எண்ணுங்கள்.

ஒரு பாகம் மட்டும் நிறத்திலோ மீட்டர் அளவிலோ மாறுபடுகிறது

அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். அதனால் வரிசையாகப் போகலாம்.

*பம்பர் மட்டும் கொஞ்சம் வேறு நிறம்:* பம்பர் பிளாஸ்டிக். பக்கத்தில் முன் சக்கரத்துக்கு மேல் உள்ள ஃபெண்டர் பெரும்பாலும் உலோகம். மெட்டாலிக் நிறங்களில் புதுக் காரிலேயே இந்த வித்தியாசம் லேசாகத் தெரியும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண மீட்டர் பிளாஸ்டிக்கையும் கார்பன் ஃபைபரையும் அளக்காது.

*மீட்டர் 250, 300 காட்டுகிறது, ஆனால் எல்லாப் பாகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு:* பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கலாம். அந்த ஃபிலிமே 150 முதல் 200 மைக்ரான் வரை சேர்க்கும். பானட் ஓரத்திலும் கதவு விளிம்பிலும் நகத்தால் தடவினால் ஃபிலிமின் முடிவு தட்டுப்படும். ஃபிலிமுக்கு அடியில் பழைய ரீ-பெயிண்ட் இருந்தால், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரக்கூடும். ஆகவே ஃபிலிம் இல்லாத இடங்களில், அதாவது கதவைத் திறந்தால் தெரியும் உள் ஓரத்தில், டிக்கியின் உள் விளிம்பில், கட்டாயம் அளந்து பாருங்கள்.

*ஒரே ஒரு கதவிலோ ஃபெண்டரிலோ 200 முதல் 300:* ஒருமுறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இது குற்றமில்லை. பத்து வருடம் ஓடிய காரில் ஒரு பாகம்கூடத் தொடப்படாமல் இருப்பதுதான் அபூர்வம். காரணத்தைக் கேளுங்கள். சொல்லும் காரணமும் அடித்த இடமும் பொருந்தினால் அடுத்ததற்குப் போகலாம்.

*500-க்கு மேல்:* உள்ளே பட்டி இருக்கிறது. அந்த இடம் நசுங்கி, டிங்கரிங் செய்து சமன் செய்திருக்கிறார்கள். இப்போது மீட்டரைப் பையில் போட்டுவிட்டு கண்ணால் தேடுங்கள். பானட், ஃபெண்டர், கதவுக் கீல் ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா? ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் தூசி படிந்திருக்கிறதா? பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி இடது, வலது இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழியின் தகடு மடிந்து நிமிர்த்திய அடையாளம் உண்டா என்று பாருங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரையையும் படியுங்கள். முன் கண்ணாடி மட்டும் வேறு முத்திரை என்றால் கல் பட்டு மாற்றியிருக்கலாம், சாதாரண விஷயம். கதவுக் கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் அந்தக் கதவு வாங்கிய அடியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

*கூரை, கதவுத் தூண், கதவுக்கு அடியில் உள்ள படிச்சட்டம் ஆகியவற்றில் அளவு கூடினால்:* இங்கே நின்றுவிடுங்கள். கதவையும் பானட்டையும் கழற்றி மாற்றலாம். இவை காரின் எலும்பு. ஒருமுறை ஒரு வெள்ளி நிற செடானின் கூரை ஓரத்தில் 700 காட்டியது. கிளை விழுந்தது என்றார் விற்பவர். கூரையின் நடுவில் கம்பெனி அளவு அப்படியே இருந்தது; இரண்டு ஓரமும் தூணோடு சேரும் இடத்தில்தான் பட்டி. கிளை விழுந்தால் நடுவில் எப்படி அடிபடாமல் இருக்கும்? நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்படிப்பட்ட காரை எடுத்தே ஆக வேண்டும் என்றால், லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தை அளந்து சொல்லக்கூடிய பாடி ஷாப்பின் எழுத்து அறிக்கை இல்லாமல் முன்பணம் தராதீர்கள்.

இன்னொன்று. கார்னர் பகுதியில் பம்பருக்குப் பின்னால் ரேடார் வைத்த கார்களில், பட்டி போட்டுக் கனமாகப் பெயிண்ட் அடித்த பம்பர் அந்த ரேடாரை மறைக்கும். பம்பர் பெயிண்ட் தடித்துத் தெரிந்தால், ஓட்டிப் பார்க்கும்போது பக்கவாட்டு எச்சரிக்கை சரியாக வருகிறதா என்று சோதியுங்கள்.

பெயிண்ட் உரிகிறது, உப்புகிறது

*கூரையிலும் பானட்டிலும் வெளுத்து, செதிலாக உரிந்தால்:* வெயிலில் கிளியர் கோட் செத்துவிட்டது. பாலிஷ் போட்டுப் பயனில்லை, உரிந்த பாகங்களைத் திரும்ப அடிக்க வேண்டும். ஒரே பாகத்தில் மட்டும் உரிந்தால் வெயிலைவிட மோசமான ரீ-பெயிண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

*சக்கர வளைவிலோ கதவின் அடியிலோ கொப்புளம்:* இரும்பு என்றால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே மிளகு அளவு தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிதாகப் பரவியிருக்கும். அலுமினியம் என்றால் பழுப்பு நிறம் இருக்காது; கீல், கைப்பிடி, திருகு இருக்கும் இடங்களைச் சுற்றிக் கொப்புளம் எழும்பி, உடைந்தால் வெள்ளைப் பொடி வரும். அலுமினியப் பழுதை இரும்பு வேலை செய்யும் கருவிகளோடு கலந்து செய்யக் கூடாது. இரும்புத் துகள் பட்டால் அரிப்பு திரும்ப வரும். அதற்கென்று தனி இடம் வைத்திருக்கும் ஷாப்பில் காட்டிச் செலவைக் கேட்ட பிறகே பேரம் பேசுங்கள்.

முன்பக்கத்தில் கல் பட்ட புள்ளியே இல்லை

நெடுஞ்சாலையில் ஓடிய காரின் பம்பரிலும் பானட் முன் விளிம்பிலும் சின்னச் சின்னக் கல் காயங்கள் இருக்கும். அவற்றை நான் குறையாகவே எழுதுவதில்லை. லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரில் அவை இல்லை என்றால், ஃபிலிம் இருக்க வேண்டும் அல்லது முன்பக்கம் பெயிண்ட் ஆகியிருக்க வேண்டும். மேலே சொன்ன பட்டிச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள்.

ஹெட்லைட் மங்கல்

*வெளியே மஞ்சள், கையால் தடவினால் சொரசொரப்பு:* பாலிகார்பனேட்டின் மேல்பூச்சு வெயிலில் போய்விட்டது. தேய்த்துப் பாலிஷ் செய்தால் தெளியும். ஆனால் தேய்த்த பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடும்.

*உள்ளே மெல்லிய மூட்டம்:* கழுவிய பிறகோ குளிரிலோ வரும். விளக்கைப் போட்டு ஓடவிட்டால் மெல்லக் கலையும். கலைந்தால் விட்டுவிடுங்கள்.

*உள்ளே துளிகள், அடியில் தேங்கிய நீர், காய்ந்த பழுப்புக் கோடு:* சீல் போய்விட்டது அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. பல எல்இடி ஹெட்லைட்டுகளில் கட்டுப்பாட்டு மாட்யூல், அதாவது விளக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி, விளக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. நீர் இறங்குவதும் அங்கேதான். எல்லா முறைகளிலும் விளக்கைப் போட்டுப் பாருங்கள்; ஸ்டியரிங்கோடு திரும்பும் வகை விளக்கு என்றால், ஸ்டியரிங்கைத் திருப்பி, விளக்கு கூடவே திரும்புகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் வேலை செய்தாலும் அந்தப் பக்கத்துக்கு முழு ஹெட்லைட் விலையை நான் கழித்துவிடுவேன். பேரத்தில் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

*ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் மங்கல்:* புதிய பக்கம் அடி வாங்கியிருக்கலாம்.

அலாய் வீலில் உராய்வு

ஓரம் சுரண்டியிருந்தால் பெரும்பாலும் பார்க்கிங் கல்லில் உரசியது. முழுக்கப் பெயிண்ட் செய்த வீல் என்றால் சரி செய்வது எளிது. முகப்பு பளபளவென்று கடைசல் போட்டதுபோல் கோடு தெரியும் டைமண்ட் கட் வீல் என்றால் அப்படியில்லை. திரும்பக் கடைசல் போடும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. சில தடவைக்கு மேல் செய்ய முடியாது. பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது, சீக்கிரமே முழு முகப்பையும் எடுக்கும்.

முகப்பைவிட உள்பக்கம் முக்கியம். டார்ச்சை ஸ்போக்குகளுக்கு இடையே விட்டு உள் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். குழியில் இறங்கிய வீல் அங்கேதான் வளையும். வளைவோ விரிசலோ சந்தேகம் வந்தால் வீலைக் கழற்றி பேலன்சிங் மெஷினில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெல்டிங் செய்த அடையாளம் இருந்தால் அந்த வீலை மாற்றும் செலவை எழுதிக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் அந்த டயர் போயிற்று. டயரின் நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

ஜன்னல் ஓரப் பட்டையில் வெள்ளைப் புள்ளிகள்

ஜெர்மன் கார்களில் அதிகம் பார்க்கலாம். குரோம்போலத் தெரிந்தாலும் பல கார்களில் அது அனோடைஸ் செய்த (மேல்பரப்பில் பாதுகாப்புப் படலம் ஏற்றிய) அலுமினியம். காரத்தன்மை கூடிய வாஷிங் ரசாயனம் அதை அரிக்கும். உலோகப் பாலிஷில் குறையும், திரும்ப வரும். பார்க்கத்தான் அசிங்கம். காரோடு வாழலாம்.

சீட்டும் ஸ்டியரிங்கும்

*லெதர் மின்னுகிறது:* பலர் இதை நல்ல லெதர் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான கார் லெதர் புதிதாக இருக்கும்போது மங்கலாகத்தான் இருக்கும். மினுமினுப்பு என்பது உடம்பு எண்ணெயும் அழுக்கும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாத ஓரத்தில் துடையுங்கள். பழுப்பு அழுக்கு வந்தால் சுத்தம் செய்தால் போதும். சீட்டின் நிறமே துணியில் வந்தால் விற்பதற்காகச் சமீபத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள். அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று லெதரை விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள்.

*வெளி ஓரத்தில் நிறம் தேய்ந்திருக்கிறது:* ஏறி இறங்கும்போது உரசும் இடம். லெதர் வெடிக்காதவரை சாயம் கொடுத்துச் சரி செய்யலாம். வெடித்து நார் தெரிந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

*சீட் உறை புதிதாகத் தைத்திருக்கிறது:* சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார்களில் இது அழகு விஷயமே இல்லை. அந்தத் தையல் ஏர்பேக் விரியும்போது கிழியும்படி செய்யப்பட்டது. சாதாரண நூலால் அழுத்தித் தைத்திருந்தால் ஏர்பேக் சரியாக வெளியே வராது. ஏர்பேக் சின்னம் இருக்கும் சீட்டில் யார், எப்படித் தைத்தார்கள் என்ற விவரம் இல்லை என்றால், கம்பெனி உறை போடும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் வாங்க வேண்டாம்.

*தேய்மானமும் கிலோமீட்டரும் பொருந்தவில்லை:* ஓடோமீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஸ்டியரிங் லெதர் வழுவழுவென்று இருக்கிறது, பிரேக் பெடலின் ரப்பரில் வரி தேய்ந்திருக்கிறது. அல்லது எல்லாம் தேய்ந்த காரில் பெடல் ரப்பர் மட்டும் புதிது. ஒரு அடையாளத்தை மட்டும் வைத்துப் பழி சொல்லாதீர்கள், மோதிரம் போட்ட கை ஸ்டியரிங்கைச் சீக்கிரம் தேய்க்கும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். காரின் வேறு மாட்யூல்களில் பதிந்திருக்கும் கிலோமீட்டரை ஸ்கேனரில் (காரின் மாட்யூல்களோடு இணைத்துப் படிக்கும் கருவி) படிக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பட்டன்கள் பிசுபிசுக்கின்றன

மென்மையாக இருக்கட்டும் என்று பூசிய ரப்பர் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் இளகுகிறது. 2000-களின் ஃபெராரி, மசெராட்டி கார்களில் இது பேர்போன குறை. ஆல்கஹாலால் துடைத்தால் பிசுபிசுப்போடு பட்டனில் உள்ள சின்னங்களும் அழிந்துபோகலாம். கழற்றி, பூச்சை எடுத்து, திரும்பப் பூசிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கும் முன் ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, வேலை செய்கிறதா என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

டேஷ்போர்டு லெதர் சுருங்கி மேலே எழும்புகிறது

முன் கண்ணாடிக்குக் கீழும் ஏர்பேக் மூடியின் ஓரத்திலும் பாருங்கள். பசை போட்டு அழுத்தினால் நிற்காது. சரியாகச் செய்ய டேஷ்போர்டையே இறக்க வேண்டும், ஏர்பேக்கையும் கழற்ற வேண்டும். வீட்டில் கைவைக்கிற வேலை அல்ல.

ரூஃப் லைனிங் தொங்குகிறது, அல்லது கறை இருக்கிறது

*காய்ந்திருக்கிறது, நடுவில் துணி மட்டும் தொங்குகிறது:* துணிக்குப் பின்னால் உள்ள ஸ்பாஞ்ச் பொடிந்துவிட்டது. லைனிங் போர்டைக் கழற்றித் துணி மாற்ற வேண்டும். கண்ணாடிக் கூரை உள்ள காரில் கழற்றும் வேலைதான் அதிகம்.

*மூலையில், முன் தூணின் மேல், சன்ரூஃபைச் சுற்றி மஞ்சள் வளையம்:* இது கறை என்று விட்டுவிடாதீர்கள். சன்ரூஃபின் மூலைகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் குழாய்கள் தூண்கள் வழியாகக் கீழே இறங்குகின்றன. தூசியும் இலையும் அடைத்தாலோ குழாய் கழன்றாலோ தண்ணீர் காருக்குள் வரும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, சன்ரூஃபைத் திறந்து முன் மூலைக் கால்வாயில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் அடைப்பு. அடைப்பு எடுப்பது சின்ன வேலைதான். அதுவரை உள்ளே போன தண்ணீர் என்ன செய்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கால் வைக்கும் இடத்தில் மேல் விரிப்பை எடுத்துவிட்டுக் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள தடித்த ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். அழுத்தினால் குளிர்ச்சி தெரியும். டிக்கியின் குழியையும் தொட்டுப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்று வரி இருக்கிறதா? பெல்ட்டில் வரி இருந்தால் அது சன்ரூஃப் கசிவு இல்லை. கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. அதை வாங்க வேண்டாம்.

கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால், கதவுகளை மூடி பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடியில் இருந்து எழும்பும்.

கம்பளம் ஈரமாக இருந்தால், அதற்கு அடியிலும் சீட்டுக்குக் கீழும் டிக்கிக் குழியிலும் மாட்யூல்கள் வைத்த கார் எது என்று அறிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வாருங்கள். கம்பளத்தைத் தூக்கி, வயர் இணைப்புகளான கனெக்டர்களில் ஈரத்தால் அரித்த பச்சை படிந்திருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். ஸ்கேனரில் எல்லா மாட்யூல்களும் பதில் சொல்கின்றனவா என்றும் படிக்கட்டும். விற்பவர் கம்பளத்தைத் தூக்க அனுமதிக்கவில்லை என்றால் நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். அனுமதித்து, பச்சை எதுவும் இல்லை என்றால், ஸ்பாஞ்சைக் கழற்றிக் காயவைத்துத் திரும்பப் போடும் கூலியை விலையில் கழித்துக்கொண்டு, குழாய் அடைப்பை அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.